வீட்டுக்குள் ஆள் எங்கே?

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் மண் வீடு, யூடியூபைத் திறந்தால் சுண்ணாம்பு வீடு. ஆத்தங்குடித் தரை, ஓட்டுக் கூரை, முற்றத்து நடுவில் ஒரு வெண்கல உருளி, அதில் நாலு செம்பருத்திப் பூ. காமிரா தூணை மெதுவாகச் சுற்றி வரும். பின்னணியில் புல்லாங்குழல். நானும் இதையெல்லாம் விடாமல் பார்க்கிறவன்தான். ராத்திரி தூக்கம் வராவிட்டால் எனக்கு இதுதான் மருந்து. ஆனால் கொஞ்ச நாளாக ஒன்று உறுத்துகிறது. இந்த வீடுகளில் ஆளே இல்லை. கொடியில் ஒரு துணி காயவில்லை. கேஸ் சிலிண்டரை எங்கே வைப்பார்கள்? முழங்கால் வலிக்கிற பாட்டி ராத்திரி எந்த வழியாகக் கக்கூசுக்குப் போவாள்? வாஷிங் மெஷின்?

மண்ணுக்கும் காற்றுக்கும் ஏற்ற வீடு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நல்ல விஷயம்தான். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், மழை எந்தப் பக்கம் சாயும் என்பதை விவரம் தெரிந்த ஒரு பொறியாளரோ பழைய கொத்தனாரோ ஒரு மத்தியானத்தில் சொல்லிவிடுவார். ஆளுக்கு ஏற்ற வீடு என்று வரும்போதுதான் சிக்கல். அதில் மேதைகளே சறுக்கியிருக்கிறார்கள். இந்தப் பதிவு அதைப் பற்றி. நீளமான பதிவு, டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மரபு வீடு என்றால் நம்மவர்கள் முதலில் கைகாட்டுவது காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டை. உள்ளூர்ப் பொருளை வைத்துக் கட்டினால்தான் இயற்கை வீடு என்கிற கட்சிக்காரர்களுக்கு அந்த வீடுகள் ஒரு சங்கடம். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து. கண்ணாடியும் சரவிளக்கும் ஐரோப்பாவிலிருந்து. கப்பல் ஏறி வந்த சாமான்களைக் கொண்டு வறண்ட பூமியில் எழுப்பிய மாளிகைகள் அவை. ஆனாலும் அந்த இடத்துக்கு அவ்வளவு பொருத்தம். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீள வீடு, வாசலில் நின்றால் வரிசையாகக் கதவுகள் வழியே பின்வாசல் தெரியும், காற்றுக்கு அதுவே பாதை. நடுவில் முற்றம். நாலு பக்கக் கூரையும் உள்ளே சரிந்து மழைநீரை முற்றத்தில் கொட்டும். அண்டா குண்டாவில் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த பூச்சு. கை வைத்தால் இன்றைக்கும் குளுகுளுவென்று வழுக்கும்.

இடப் பொருத்தத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஆள் பொருத்தம். ஆண்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் வருஷக்கணக்கில் கடை வைத்திருந்தார்கள். ஊரில் பெண்கள், பெரியவர்கள், பிள்ளைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் முற்றத்தைச் சுற்றிய வளவில் ஓர் அறை. கூரை ஒன்று, அடுப்பு தனித்தனி. கூட்டுக் குடும்பத்தின் பாதுகாப்பும் வேண்டும், கணக்கும் தனியாக இருக்க வேண்டும் என்கிற வியாபாரிகளின் புத்தி அந்த வரைபடத்திலேயே இருக்கிறது. நூற்றுக்கணக்கான பேருக்குப் பந்தி போடுகிற கல்யாணமும் வீட்டுக்குள்ளேயே நடக்கும். மண்டபம் தேடி அலைய வேண்டாம்.

பிறகு 1942-ல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தது. யுத்தம் முடிந்து பர்மா சுதந்திரம் வாங்கியதும் அங்கே அவர்களுக்கு இருந்த நிலங்கள் கைவிட்டுப் போயின. பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் இருபது பேர் என்றால், ஓடு மாற்றுவதற்கு இருபது பேரும் சம்மதிக்க வேண்டும். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில வீடுகளைப் பிரித்துத் தூணையும் கதவையும் பழம்பொருள் கடையில் விற்றுவிட்டார்கள். நாம் இன்ஸ்டாவில் பார்க்கிற தூண்களில் சில அங்கிருந்து வந்தவையாகக்கூட இருக்கலாம். சிவகங்கைச் சீமையின் வெயில் அப்படியேதான் இருக்கிறது. முற்றமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளே இருந்த வாழ்க்கைதான் கிளம்பிப் போய்விட்டது.

இன்னொரு கதை எகிப்தில். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஹசன் ஃபாத்தி, 1900-ல் பிறந்த கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரும்பும் மரமும் கிடைக்காமல் கட்டட வேலைகள் நின்றுபோயின. எகிப்து விவசாயி ஆயிரக்கணக்கான வருஷமாகச் சுடாத மண்கல்லில்தானே வீடு கட்டுகிறான், நாமும் அப்படிக் கட்டினால் என்ன என்று ஃபாத்திக்குத் தோன்றியது. சுவர் வரைக்கும் பிரச்சினை இல்லை. கூரைதான் இடித்தது. மரம் போடாமல் மண்கல்லாலேயே வளைகூரை எழுப்பிப் பார்த்தார். விழுந்தது. பிறகு தம்மைத் தேற்றிக்கொண்டு, அஸ்வான் பக்கத்தில் நூபியர்கள் இன்னமும் மரச்சாரம் இல்லாமல் வளைகூரை கட்டுகிறார்கள் என்று சகோதரர் சொன்னதை நம்பி அங்கே போனார். ஒரு கிராமம் முழுக்க அப்படிப்பட்ட வீடுகள்.

அந்த வித்தை எளிமையானது. முதலில் ஒரு முனையில் சுவரை உயர்த்திவிடுவார்கள். வைக்கோல் கூடுதலாகச் சேர்த்த மெல்லிசான மண்கல்லை எடுத்து, அந்தச் சுவரில் சாய்ந்தபடி வளைவாக ஒட்டிக்கொண்டே வருவார்கள். நட்டமாக இல்லாமல் சாய்வாக வைப்பதால் கல் கீழே விழாது. ஈரக் களிமண் பிடித்துக்கொள்ளும். ஒரு வளையம் முடிந்தால் அடுத்த வளையம் அதன்மேல் சாயும். இப்படியே அறை நீளத்துக்கும் போய்விடலாம். கீழே முட்டுக்கொடுக்க ஒரு பலகைகூட வேண்டாம். கொத்தனார் கையில் ஒரு வாய்ச்சி, அவ்வளவுதான். இந்த முறையில் கட்டிய தானியக் கிடங்குகள் லக்ஸரின் மேற்குக் கரையில், இரண்டாம் ராம்சேஸ் கோயிலுக்குப் பக்கத்தில், மூவாயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கின்றன. நம் ஊர்ப் பக்கம் ஆரோவில்லில் உள்ள மண் கட்டடப் பயிற்சி நிறுவனத்திலும் இதே நூபிய முறையைக் கற்றுக்கொடுக்கிறார்கள். போய்ப் பார்க்கலாம்.

அந்த லக்ஸர் மேற்குக் கரையில்தான் ஃபாத்தியின் பெரிய சோதனை. குர்னா என்ற ஊரின் மக்கள் பழங்காலப் பிரபுக்களின் கல்லறைகள் இருக்கும் குன்றின்மேலேயே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். கல்லறைப் பொருட்கள் அவர்களுக்குப் பிழைப்பு, அங்கே வரும் வெளிநாட்டுப் பயணிகளும் பிழைப்பு. ஒரு நாள் பாறையில் செதுக்கிய சிற்பம் ஒன்று அப்படியே பெயர்த்துக் களவாடப்பட்டது. ஊரையே கீழே இறக்கிவிடுவது என்று அரசு முடிவு செய்து, புது ஊர் கட்டும் பொறுப்பை 1940-களின் நடுவில் ஃபாத்தியிடம் கொடுத்தது.

மனுஷன் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். ஒரே அச்சில் வீடு வார்க்கவில்லை. மசூதி, சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கு எல்லாம் மண்ணில். தடித்த சுவர், குவிமாடம், மேல்காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும் காற்றுக் கூண்டு. இன்றைக்குப் படத்தைப் பார்த்தாலும் மனசு அள்ளும்.

குர்னா மக்கள் வரவில்லை. ஊரின் ஒரு பகுதியைத்தான் கட்ட முடிந்தது. அதிலும் முக்கால்வாசி காலி. நடுவில் யாரோ வெள்ளத் தடுப்புக் கரையை வெட்டிவிட்டார்கள், புது ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. பிழைப்பு குன்றின்மேல் இருக்கிறது, இடம்பெயரும் முடிவை எடுத்தது அரசு, அவர்களை யாரும் கேட்கவில்லை. போதாக்குறைக்குக் குவிமாடம் அவர்கள் கண்ணுக்கு மகான்களின் சமாதி. நம் வீட்டுக் கூரையைக் கோயில் கோபுரம் மாதிரி கட்டிக் கொடுத்தால் நாம் குடிபோவோமா, யோசித்துப் பாருங்கள்.

ஃபாத்தி இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதினார். சிகாகோ பல்கலைக்கழகம் 1973-ல் அதை 'ஏழைகளுக்கான கட்டடக் கலை' என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டதும் அவர் உலகப் புகழ் பெற்றார். அருமையான புத்தகம். ஆனால் படித்துக்கொண்டே போகும்போது, அதிகாரிகள் முட்டாள்கள், காண்டிராக்டர்கள் களவாணிகள், கிராமத்தார்க்கு விவரம் போதாது என்கிற குரல் மெல்ல மேலே வரும். விவரம் போதாதா? எங்கே சோறு கிடைக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் புது குர்னாவில் குடியேறியவர்கள் பலர் மண் வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் போட்டுக்கொண்டார்கள். அதையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். நிலத்தடி நீர் ஏறி உப்பு சுவரை அரித்தது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும். குவிமாடத்தின்மேல் எப்படி எடுப்பது? குன்றின்மேல் இருந்த பழைய குர்னாவோ 2006 கடைசியில்தான் புல்டோசருக்குப் பணிந்தது. அறுபது வருஷம் தாக்குப்பிடித்தார்கள்.

இந்த இடத்தில் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மண் வீடு குளிர்ச்சி' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறார்களே, அது லக்ஸருக்குச் சரி. பாலைவனத்தில் பகலில் கொளுத்தும், ராத்திரி சட்டென்று குளிரும். தடித்த மண்சுவர் பகல் வெயிலை மெதுவாக வாங்கி வைத்து, ராத்திரிக் குளிரில் வெளியே விட்டுவிடும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்திலோ திருவனந்தபுரத்திலோ பகலுக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் குறைவு. காற்றில் ஈரம் ஜாஸ்தி. வியர்வை காய வேண்டும், அதற்குக் காற்றோட்டம் வேண்டும். எத்தனை தடித்த சுவர் எழுப்பினாலும் ஜன்னலை அடைத்துவிட்டால் புழுக்கம்தான். எகிப்து வீட்டின் படத்தைப் பார்த்து நாகர்கோவிலில் கட்டினால் எகிப்துக்குத்தான் பொருத்தமாக இருக்கும்.

திருவனந்தபுரத்தின் ஈரக்காற்றைப் புரிந்துகொண்டு கட்டியவர் லாரி பேக்கர். அவரைப் பற்றி நம்மூரில் பலர் எழுதிவிட்டார்கள். பர்மிங்ஹாமில் 1917-ல் பிறந்தது, யுத்தத்தில் துப்பாக்கி பிடிக்க மாட்டேன் என்று சீனாவில் மருத்துவத் தொண்டு செய்தது, ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தது, ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். (செட்டிநாட்டு வீடு இந்த ஐந்து மைல் பரீட்சையில் கண்டிப்பாகத் தேறாது.) எனக்குப் பிடித்த கட்டம் அதற்குப் பிந்தியது. மலையாளி மருத்துவர் எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, இமயமலையில் பித்தோராகர் பக்கம் பதினைந்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். மனைவி வைத்தியம் பார்க்க, இவர் உதவியாளர், கட்டட ஆள், எல்லாம். இங்கிலாந்துப் படிப்பு அங்கே செல்லாது. கல், மண், மாட்டுச் சாணம், உள்ளூர்க் கொத்தனார். பல தலைமுறைகள் தப்பும் திருத்தமுமாகச் செய்து பார்த்து வந்து சேர்ந்த முறைகள் அவை என்று கண்டுகொண்டார். அறுபதுகளில் குடும்பம் கேரளத்துக்கு இறங்கி வந்தபோது வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. நாம் அறிந்த பேக்கர் அதற்குப் பிறகு உருவானவர்தான்.

அவருக்குப் பெரிய அலுவலகம் கிடையாது. பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில்கூடப் படம் போடுவார். மனைக்குப் போய், மரத்தையும் பாறையையும் பார்த்து, கொத்தனாரிடம் அங்கேயே சொல்லிச் சொல்லிக் கட்டுவார். மரம் குறுக்கே வந்தால் சுவர் வளையும். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில், எழுபதுகளின் தொடக்கத்தில், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்குக் கட்டிய வளாகத்தைப் பாருங்கள். குன்றின் சரிவு எப்படிப் போகிறதோ அப்படியே கட்டடங்கள் ஏறி இறங்கும். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர்கள். ஜன்னலும் இல்லை, ஜன்னல் கம்பிச் செலவும் இல்லை. காற்று வரும், வெளிச்சம் பொடிப்பொடியாக விழும்.

அவர் சிக்கனம் கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. ஒன்பது அங்குலச் சுவரைக் கொத்தனார் வழக்கமாகக் கல்லைப் படுக்கையாக வைத்துக் கட்டுவார். பேக்கர் கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டச் சொன்னார். வெளியே ஒரு கல், உள்ளே ஒரு கல், நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். கல்லும் சாந்தும் கிட்டத்தட்டக் கால்வாசி மிச்சம், நடுவில் நிற்கும் காற்று வெக்கையைத் தடுக்கும். கூரையிலும் அதே புத்தி. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அப்படியானால் அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்துவிட்டுப் போகலாமே? சிமென்ட் மிச்சம், எடை குறைவு, உள்ளிருந்து பார்த்தால் ஓடு அழகாகத் தெரியும். வட்டச் சுவர் மோகமும் வெறும் அலங்காரம் இல்லை. ஒரே நீளச் சுவரைச் சதுரமாகக் கட்டாமல் வட்டமாகக் கட்டினால் உள்ளே 27 சதவீதம் கூடுதல் இடம் கிடைக்கும். பள்ளிக்கூடக் கணக்குதான். (வட்ட அறையில் பீரோவை எங்கே ஒட்டி வைப்பது என்று என்னைக் கேட்காதீர்கள்.)

பேக்கரின் கட்டடங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பூந்துறை. திருவனந்தபுரத்துக் கடலோரத்தில் எழுபதுகளின் நடுவில் மீனவர்களுக்குக் கட்டிய சிறு வீடுகள். அரசு வீடு என்றால் நேர்கோட்டில் வரிசையாக நிற்கும். முதல் வரிசைக்குக் கடல் காற்று, பின்வரிசைக்கு முன்வீட்டின் முதுகு. பேக்கர் வரிசையைக் கலைத்தார். ஒவ்வொரு வீட்டையும் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி வைத்து, எல்லா முன்றிலுக்கும் காற்று வரும்படியும் கடல் தெரியும்படியும் செய்தார். மீனவக் குடும்பத்துக்குக் கடல் தெரிவது அழகுக்காக இல்லை. வள்ளம் திரும்புகிறதா, கடல் எப்படி இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்ப்பார்கள். உள்ளே இடம் சின்னதுதான். படுக்க மேலே ஒரு பரண். ஏனென்றால் வாழ்க்கை முக்கால்வாசி வெளியேதான் நடக்கிறது. வலை பின்னுவது, மீன் காயப்போடுவது, சமைப்பது, பிள்ளைகள் ஓடுவது எல்லாம் வீடுகளுக்கு நடுவே உள்ள மணலில். அந்த மணலைத்தான் அவர் வடிவமைத்தார் என்று சொல்லலாம். புயல் காற்றுக்குத் தாழ்ந்த கூரை, காற்றை எதிர்த்து நிற்காமல் உள்ளே விட்டு வெளியே அனுப்பும் சல்லடைச் சுவர்.

சரி, பேக்கருக்கு எதிர்ப்பு இல்லையா? உண்டு. பூசாத செங்கல் ஏழைக்குப் பிடிக்கவில்லை. பணக்காரன் பூசாமல் விட்டால் ரசனை, ஏழை பூசாமல் விட்டால் இல்லாமை. குர்னாவில் குவிமாடம் சமாதியாகத் தெரிந்த மாதிரி, இங்கே செங்கல் வறுமையாகத் தெரிந்தது. இது ஏழைக்கான முறை இல்லை, எல்லோருக்குமான முறை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சல்லடைச் சுவருக்குள் கொசு வரும், ஒட்டடை படியும், சாரல் அடிக்கும் என்பதும் உண்மை. அவர் பாணியைப் படித்த நடுத்தர வர்க்கம்தான் முதலில் கட்டி அணைத்துக்கொண்டது. இந்த முறைகளைப் பரப்புவதற்காக 1985-ல் திருச்சூரில் 'காஸ்ட்ஃபோர்டு' அமைப்பு தொடங்கப்பட்டது. முன்னாள் முதல்வர் அச்சுத மேனனும் அதில் முன்னின்றார். அவர்கள் வெளியிட்ட பேக்கரின் கைப்படச் சிறு புத்தகங்கள், கேலிச் சித்திரங்களோடு, வீடு கட்டப்போகிற எவரும் பார்க்க வேண்டியவை. வாஸ்து புத்தகத்துக்குக் கொடுக்கும் காசில் கால்வாசி போதும்.

பூந்துறையிலிருந்து அப்படியே நம் கரைக்கு வாருங்கள். 2004 டிசம்பர் 26. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலிருந்து கன்னியாகுமரி வரை ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. நல்ல மனதோடுதான் கட்டினார்கள், காசும் வந்தது, அவசரமும் இருந்தது. ஆனால் பெரும்பாலான இடங்களில் வந்தது ஒரே வார்ப்பு: கான்கிரீட் பெட்டி, தட்டையான கூரை, கோடு போட்ட மாதிரி வரிசை. நாகைப் பக்கம் குடியிருப்புக்கு நிலத்தைச் சமன் செய்யும்போது தென்னையும் வேம்பும் பூவரசும் போயின. வலை உலர்த்த, கருவாடு காயவைக்க, மத்தியானம் நாலு பேர் உட்கார்ந்து பேச இருந்த நிழல் மொத்தமும் போனது. பல குடும்பங்கள் கடலிலிருந்து தள்ளி வைக்கப்பட்டன. கடலைப் பார்க்க முடியாத மீனவர் வீடு.

அந்தக் குடியிருப்புகள் வழியாகப் போகும்போது நான் வீட்டைப் பார்க்க மாட்டேன், வீட்டுக்கு முன்னால் ஒட்டவைத்திருப்பதைப் பார்ப்பேன். கான்கிரீட் பெட்டிக்கு முன்னால் ஒரு ஓலைச் சாய்ப்பு இருக்கும். அதன் கீழே அடுப்பு, கயிற்றுக் கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, கிழவி. பகல் முழுக்க ஜனம் அங்கேதான். பெட்டிக்குள் பீரோவும் டிவியும் மூட்டைகளும். எங்கே கொஞ்சம் மண் கிடைத்ததோ அங்கே முருங்கையை ஊன்றியிருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கொடுத்த வீட்டைக் கிடங்காக வைத்துக்கொண்டு. அதற்காகக் கான்கிரீட் வேண்டாம் என்று அவர்களிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். புயலுக்கும் தீக்கும் பயப்படாமல் தூங்க ஒரு கெட்டியான அறை எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓலைக் குடிசையில் இருந்தவருக்குத்தான் தெரியும். அந்த அறையோடு சாய்ப்புக்கும் சேர்த்து முதலிலேயே இடம் விட்டிருக்கலாம்.

அப்படி விட்ட இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. இந்தோரில் பி.வி. தோஷி எண்பதுகளில் அமைத்த ஆரண்யா. அவர் வீடு கட்டிக் கொடுக்கவில்லை. மனை, அஸ்திவாரத் தளம், கக்கூஸ் குளியலறை, தண்ணீர் இணைப்பு, இவ்வளவுதான். இப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட எண்பது மாதிரி வீடுகள். மிச்சத்தைக் குடும்பங்கள் கையில் காசு வரும்போது கட்டிக்கொண்டன. வாசலில் ஒரு கடை, மேலே வாடகைக்கு ஒரு அறை, படிக்கட்டுக்கு அடியில் ஒரு தையல் மிஷின். எந்தக் கட்டடக் கலைஞரும் மேஜையில் உட்கார்ந்து இவ்வளவு விதவிதமாக வரைந்திருக்க முடியாது. 1995-ல் ஆகா கான் விருது கிடைத்தது. பார்ப்பதற்கு அது இன்ஸ்டாவில் எடுபடாது. ஒயர் தொங்கும், பச்சையும் ரோஸுமாகப் பெயின்ட் இருக்கும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

இவ்வளவு ஏன் பேசுகிறேன் என்றால், எங்கள் பெரியப்பா மகன், அண்ணன், நாகர்கோவிலுக்கு வெளியே ஐந்து சென்டில் வீடு கட்டப்போகிறார். நான்தான் புத்தகம் படிக்கிறவன் என்று என்னையும் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். பேக்கர் படங்களைக் காட்டினேன். அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. மதினி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதெல்லாம் படத்துல நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊருல பூசாம விட்டா, பைசா தீந்து போச்சுன்னு சொல்லுவாவ," என்றாள். குர்னா கதையைப் படித்த பிறகும் அவளிடம் வாதாட எனக்கு வாய் வருமா?

சரி, தெருப்பக்கம் பூசலாம், மற்ற பக்கம் பூசாமல் விடலாம் என்று ஓர் ஏற்பாடு. எலிப்பொறிக் கட்டைப் பற்றிக் கொத்தனாரிடம் கேட்டேன். பத்மநாபபுரம் பக்கத்துக்காரர், மார்த்தாண்டத்திலும் திருவனந்தபுரத்திலும் வேலை பார்த்தவர். "கட்டலாம் அண்ணாச்சி, கட்டியிருக்கேன். கல்லு ஒரே அளவா இருக்கணும். ஊர்ச் சூளைக் கல்லு ஒண்ணு நீளும், ஒண்ணு குறையும். கல்லு மிச்சம் ஆவும், கூலி கூடும். பைப்பு, ஒயரு எல்லாம் எங்க போவுதுன்னு முன்னாடியே சொல்லிரணும், பிறகு சுவரைக் கொத்தக் கூடாது," என்றார். நான் படித்த எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாக ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். மேற்குச் சுவர் மட்டும் எலிப்பொறி, சாயங்கால வெயில் அங்கேதான் அடிக்கும். கூரைக்கு ஓடு வைத்த தளம். பழைய ஓடு இந்தப் பக்கம் இடிக்கிற வீடுகளில் மலிவாகக் கிடைக்கிறது.

பெரியம்மா இதில் எதையும் கேட்கவில்லை. மேஜையில் வரைபடத்தை விரித்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "மீன் எங்கவெச்சு அரியுறது?" பொறியாளர் சமையலறையில் கிரானைட் மேடையையும் ஸ்டீல் சிங்க்கையும் காட்டினார். பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மீன் உட்கார்ந்துதான் அரிய வேண்டும், அரிவாள்மணையில், வெளியே, தண்ணீர் ஓடுகிற இடத்தில், பூனைக்கும் காக்காவுக்கும் எறியத் தோதாக. சாயங்காலம் மீன்காரி வந்தால் அந்த இடத்தில்தான் கூடையை இறக்குவாள், அரை மணி நேரம் ஊர்க் கதை நடக்கும். ஐந்து சென்டில் பின்பக்கம் மூன்றடிதான் விட்டிருந்தது வரைபடம், அதிலும் செப்டிக் டேங்க்.

இப்போது வரைபடம் மறுபடியும் பொறியாளரிடம் போயிருக்கிறது. கார் நிறுத்தும் இடத்தை நாலடி குறைத்துப் பின்னால் தள்ளச் சொல்லியிருக்கிறோம். இன்னும் கார் வாங்கவில்லை என்பதால் அண்ணனுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. அடுத்த வாரம் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு மனைக்குப் போய், கயிறு கட்டி, அவள் உட்கார்ந்தால் கால் நீட்ட எத்தனை அடி வேண்டும் என்று அளக்கப் போகிறோம்.